பின்பக்க ஸ்வே பார்: 22 மி.மீ. போதுமா, 25 மி.மீ. வேண்டுமா?

நான்காம் கியர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட ஹேட்ச்பேக் கார். பின்புறம் இரு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். தொழிற்சாலையிலிருந்து வந்த 19 மி.மீ. கெட்டிக் கம்பிதான் ஸ்வே பாராக (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பி) இருக்கிறது. நேர்ச்சாலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வளைவில் சற்று வேகமாக நுழைந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முகப்பு அந்த அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிவிளிம்பை நோக்கியே வண்டி போகிறது. பின் ஸ்வே பாரை மாற்றினால் இந்த அண்டர்ஸ்டியர் குறையும் என்று பலர் சொல்வதால் தேடிப் பார்த்தேன். என் காருக்கென இரண்டு கிடைக்கின்றன. ஒன்று 22 மி.மீ. கெட்டிக் கம்பி. மற்றொன்று 25 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவர்க்கனமும் உள்ள குழல். அதன் கையில் (வளைந்து சக்கரத்தின் பக்கம் நீளும் முனையில்) இரண்டு துளைகள் இருக்கின்றன. குழல் என்றால் பலவீனமாக இருக்காதா என்பது என் முதல் ஐயம். கார் தினமும் வீட்டாருடன் ஓடுவது என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது, வீட்டிலேயே பொருத்த முடியுமா என்ற இரண்டையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்பானர் எழுதியது:

குழல் என்பதற்காக அஞ்ச வேண்டாம். உங்கள் விஷயத்தில் அஞ்ச வேண்டியது அதன் விறைப்பைத்தான். ஸ்வே பார் ஒரு முறுக்கு வில். இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அது புஷ்ஷுக்குள் (கம்பியைக் காரின் அடியில் பிடித்திருக்கும் ரப்பர் உறை) சுழன்றுகொடுக்குமே தவிர எதையும் தடுக்காது; ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 19-க்கும் 22-க்கும் வெறும் 3 மி.மீ. வித்தியாசம் என்று எண்ணுவது தவறு. 19-இன் நான்காம் அடுக்கு 1,30,321. 22-இன் நான்காம் அடுக்கு 2,34,256. அதாவது ஏறக்குறைய 1.8 மடங்கு. குழலுக்கு வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழிக்க வேண்டும்: 3,90,625-லிருந்து 83,521 போக 3,07,104. இது உங்கள் பழைய கம்பியைப் போல் 2.36 மடங்கு. முறுக்கத்தில் கம்பியின் நடுப்பகுதி அதிகம் உழைப்பதில்லை. ஆகவே அதைக் குடைந்து எடுத்த பிறகும் இந்தக் குழல் 22 மி.மீ. கெட்டிக் கம்பியைவிட விறைப்பாகவும், நீளம் ஒன்றாக இருந்தால் எடையில் அதில் எழுபது சதவீதமாகவும் இருக்கிறது.

இரண்டு துளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையின் நுனியில் உள்ள துளையில் லிங்க்கை (கம்பியின் கையைச் சஸ்பென்ஷனுடன் இணைக்கும் சிறு தண்டு) மாட்டினால் நெம்புகோல் நீளமாகும், விறைப்பு குறையும். உள்துளையில் மாட்டினால் கூடும். இதுவும் நேர்விகிதம் அல்ல, நீளத்தின் வர்க்கம். கையின் நீளம் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 180 மி.மீ. துளைக்கு மாற்றியவுடன் விறைப்பு சுமார் 23 சதவீதம் ஏறும். அப்படியானால் உள்துளையில் அந்தக் குழல் பழைய கம்பியின் மூன்று மடங்கை நெருங்குகிறது. நடைமுறையில் கை சிறிது வளைவதாலும் புஷ் நசுங்குவதாலும் இந்த எண்கள் கொஞ்சம் குறையும். விற்பவர்கள் 'உயர்ரக ஸ்பிரிங் ஸ்டீல், ஆகவே அதிக விறைப்பு' என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எஃகு வகைகளுக்கிடையே விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல எஃகு முறியாமலும் நிரந்தரமாக வளைந்துவிடாமலும் தாங்கும், அவ்வளவே.

அண்டர்ஸ்டியர் ஏன் குறைகிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. வளைவில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு இடம்பெயரும் மொத்தச் சுமையை எந்த ஸ்வே பாரும் பெரிதாகக் குறைப்பதில்லை. காரின் எடையும், ஈர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடையேயான அகலமும், வளையும் வேகமும் அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்வே பார் செய்வது பங்கீடு மட்டுமே. பின்புறத்தை விறைப்பாக்கினால் அந்த இடமாற்றத்தில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் ஏற்கும், முன்சக்கரங்களின் பங்கு குறையும். டயரின் மேல் சுமை இரட்டித்தாலும் அதன் பிடிமானம் இரட்டிப்பதில்லை என்பதால், சுமை ஓரளவு சமமாக இருக்கும் முன் ஜோடிக்குப் பிடிமானம் கூடுகிறது; பின் ஜோடி கொஞ்சம் இழக்கிறது. முகப்பு திரும்புவதற்கான விலையைப் பின்பக்கம் கொடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வீட்டாருடன் தினமும் ஓடும் காருக்கு என் தேர்வு 22 மி.மீ. கெட்டிக் கம்பியே.

ஈரச்சாலை எழுதியது:

மேலே சொன்ன அந்த விலையை நான் கொடுத்திருக்கிறேன். முன்பு வைத்திருந்த காரில், கிடைத்ததிலேயே தடித்த பின் ஸ்வே பாரை உள்துளையில் மாட்டினேன். காய்ந்த சாலையில் கார் கத்தியைப் போலத் திரும்பியது, பெருமிதம் தாங்கவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு மழையில், இறங்கிக்கொண்டே வளையும் ஒரு பாதையில் வேகம் சற்று அதிகம் என்று தோன்ற, பழக்கப்படி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சுமை முன்னே போக, ஏற்கெனவே பிடிமானம் குறைந்திருந்த பின்பக்கம் ஒரே வீச்சில் சுழன்று வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே வண்டி வராதது என் திறமையால் அல்ல. பின் டயர்கள் தேய்ந்தவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அண்டர்ஸ்டியரில் காலை எடுத்தால் கார் அடங்கும் என்பதால்தான் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கார்களை அப்படி அமைக்கிறார்கள். கார் சறுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கிறதே என்று நினைக்கக்கூடும். அது தொழிற்சாலைச் சமநிலையை வைத்து அளவிடப்பட்டது. எதை மாட்டினாலும் நல்ல டயர் ஜோடி பின்னால் இருக்கட்டும்.

கிரீஸ் கை எழுதியது:

தேர்வைப் பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள்; நான் பொருத்தும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். தனித்தனி பின் சஸ்பென்ஷன் உள்ள பல கார்களில் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சில கார்களில் சப்ஃபிரேமை (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) சற்று இறக்கினால்தான் பழைய கம்பி வெளியே வரும் என்பதால், வாங்கும் முன் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிடுங்கள். சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின்புறத்தின் இரு பக்கங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றும் நொடியில் லிங்க் துள்ளிக் கையைப் பதம் பார்க்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

நேரம் முழுவதையும் விழுங்குவது எண்ட் லிங்க்கின் நட்டுதான். நீங்கள் ஸ்பானரால் நட்டைத் திருப்பும்போது லிங்க்கின் முனையில் உள்ள பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டு) தண்டும் கூடவே சுழலும். தண்டின் நுனியில் பெரும்பாலும் ஆறுபக்கக் குழி இருக்கும். அதில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பானரால் கழற்ற வேண்டும். துரு ஏறியிருந்தால் அந்தக் குழி மழுங்கிவிடும், பிறகு நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எனவே முதல்நாள் மாலையே மறைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை ஊறவிடுங்கள். பழைய லிங்க்கில் ஆட்டம் இருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் விறைப்பான கம்பி லிங்க்குகளுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் கூடுதல் விசையைத் தருகிறது. சில கார்களில் பிராக்கெட் பற்றவைக்கப்பட்ட இடமே விரிசல் விடுவதுண்டு. விற்பவர் வலுவூட்டிய பிராக்கெட்டையும் சேர்த்துத் தந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல.

புதிய கம்பியுடன் வருவது பாலியூரித்தேன் புஷ் என்றால், அதனுள் சிலிகான் கிரீஸை நன்றாகத் தடவுங்கள். தடவாவிட்டால் சில நாட்களில் பழைய கட்டிலைப் போலக் கிரீச்சிடும். கம்பி பக்கவாட்டில் நகராமலிருக்கப் பூட்டுவளையம் கொடுத்திருந்தால், கம்பியை நடுவில் நிறுத்திய பிறகே அதை இறுக்க வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, கார் தன் எடையில் நிற்கும் நிலையில், அதாவது சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றியோ குழிமேடையில் நிறுத்தியோ, டார்க் ரென்ச்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள லிங்க்கைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால், போல்ட் தட்டாமல் கையாலேயே இருபுறமும் நுழையும் அளவுக்கு நீளத்தைச் சரிசெய்யுங்கள். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் கம்பி நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். கடைசியாக, சக்கரம் முழுவதும் தொங்கும்போதும் முழுவதும் ஏறும்போதும் கம்பி பிரேக் ஹோஸையோ எரிபொருள் குழாயையோ சைலன்சரையோ தொடவில்லை என்று பாருங்கள்.

டயர் தூசி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். இதைப் படிக்கும் பலருடைய சிறிய கார்களில் பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்) இருக்கும். அந்த உத்தரமே முறுக்கிக்கொண்டு ஸ்வே பாரின் வேலையையும் செய்கிறது. அவற்றுக்கான கூடுதல் கம்பி பொதுவாகச் சக்கரங்களைத் தாங்கும் இரு சஸ்பென்ஷன் கைகளுக்கும் இடையே போல்ட்டால் பூட்டப்படும். லிங்க் கிடையாது, மேலே சொன்ன மடங்குக் கணக்கும் அப்படியே பொருந்தாது. கேள்வி கேட்டவர் பணம் செலவழிக்கும் முன் முன் டயர்களின் காற்றையும் தேய்மானத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன். காற்று குறைந்த முன் டயரே அண்டர்ஸ்டியர் தரும்.

நான்காம் கியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்: முன் டயர்கள் இரண்டிலும் காற்று குறைவாகத்தான் இருந்தது. நிரப்பியபின் குறை பாதியளவு தீர்ந்தது. மீதிக்காக 22 மி.மீ. கெட்டிக் கம்பியையும் புதிய லிங்க்குகளையும் வாங்கிப் பொருத்தினேன். இடப்பக்க லிங்க்கின் குழி மழுங்கி, வெட்டித்தான் எடுத்தேன். ஒரு மாலை வேலை இரண்டு மாலையானது. இறுக்கியபின் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை வண்ணத்தால் கோடு போட்டுவைத்தேன். அதே வளைவில் அதே வேகத்தில் இப்போது ஸ்டியரிங்கைக் குறைவாகவே திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது கார் முன்பைவிடச் சற்று அதிகமாகத் தலையாட்டுகிறது. பின் இருக்கையில் இருப்பவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். 300 கி.மீ. ஓடியபின் அடியில் படுத்துப் பார்த்தபோது, வலப்பக்க பிராக்கெட்டின் ஒரு போல்ட்டில் மட்டும் கோடு நூலளவு விலகியிருந்தது. அதை மீண்டும் உரிய அளவுக்கு இறுக்கிப் புதுக்கோடு போட்டிருக்கிறேன். ஈரத்தில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.