இரைப்பையை வெட்டினால் பசி போகுமா?

நிலாவெளி அக்கா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், "இரைப்பையை வெட்டினால் பசி போய்விடும், அப்புறம் உளவளத்துணை எதற்கு, காசு கரைக்கிற வேலை" என்று. வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் 2019இல் கொழும்புக்கு இரவு ரயிலில் போய், எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் ஒப்பரேஷன் செய்துகொண்டவள். முதல் ஒன்றரை வருடத்தில் 31 கிலோ இறங்கியது. வயிற்றில் பசி இல்லை, உண்மை. ஆனால் பின்னேரம் வீடு அடங்கியதும் கை தானாக டின் பாலுக்குப் போகும். ஒரு கரண்டி. அரை மணி கழித்து இன்னொரு கரண்டி. சின்ன வயிறு அதைத் தடுக்கவே தடுக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். மூன்றாம் வருடம் 9 கிலோ திரும்பி வந்தது. அது எந்தப் பசி என்று எழுதியவர் சொல்லட்டும்.

டொக்யாட் தம்பி:
நான்தான் எழுதினேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் பசி போகும். இது விஞ்ஞானம், டின் பால் கதை இல்லை.

நிலாவெளி அக்கா:
தம்பி, நீர் வாசித்தீர், நான் வெட்டிக்கொண்டு வந்தவள். பசி குறையும். போகாது.

டொக்யாட் தம்பி:
போகும் அக்கா. உங்களுக்குப் போகாதது உங்கள் கட்டுப்பாட்டுக் குறை.

கிண்ணியா நானா:
இந்தப் பேச்சால்தான் எங்கள் ஆட்கள் உளவளத்துணை என்றாலே ஓடுகிறார்கள். என் மச்சானை ஒப்பரேஷனுக்கு முன் மனநல டொக்டரிடம் போகச் சொன்னார்கள். "எனக்கென்ன விசரா" என்று கிளினிக்கையே விட்டுவிட்டார். அது பாஸ், பெயில் பார்க்கிற சோதனை இல்லை, எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் என்று அவருக்கு விளக்க ஒருவரும் இருக்கவில்லை.

உவர்மலை டீச்சர்:
பசியோடு மட்டும் முடிகிற விஷயமா இது? எடை குறைக்க இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கி நேரே குடலோடு இணைக்கிற ஒப்பரேஷன், செய்தவர்களுக்குக் குடி வேகமாக இரத்தத்தில் ஏறும். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு குடிக்கு அடிமையாகும் ஆபத்தும், தன்னைத்தானே காயப்படுத்தும் ஆபத்தும் கூடுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. முன்னால் ஒரு தடவை கதைத்தால் போதாது, பின்னாலும் வருடக்கணக்கில் ஆள் வேண்டும்.

டொக்யாட் தம்பி:
டீச்சர், இங்கே திருகோணமலைக் கோட்டையில் திரிகிற மான்களுக்குச் சோறு போடலாமா என்ற விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஆய்வு ஆய்வு என்றீர்கள். கேள்வி ஒன்றுதான். பசி போகுமா, போகாதா?

உவர்மலை டீச்சர்:
மான் வயிற்றில் பொலித்தீன் பை இருந்ததை இன்னும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதை முதலில் முடியுங்கள்.

கிண்ணியா நானா:
மானை விடுங்களேன். திருகோணமலையில் இருந்து ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் போய் யாரால் கதைக்க முடியும்? அதுவும் தமிழில்?

நிலாவெளி அக்கா:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். ஆங்கிலத்தில் ஒரு படிவம், கவலை உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று கோடு போட்டேன், ஒப்பரேஷனை மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில். அம்மா இறந்த வருடத்தில் இருந்துதான் நான் இரவில் எழும்பிச் சாப்பிட்டேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு, போன வருடம், தமிழில் கதைக்கிற ஒரு உளவளத்துணையாளர் இங்கேயே கிடைத்தார். முதல் நாளே "எந்த நேரத்தில் டின் திறக்கிறீர்கள்" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அழுதேன். ஒப்பரேஷன் யோசிக்கிற பிள்ளைகள் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

டொக்யாட் தம்பி:
அழுததற்கும் கிரெலினுக்கும் என்ன சம்பந்தம்? 80 சதவீதம் போனால் பசி போகும்.

நிலாவெளி அக்கா:
குறையும், தம்பி.

உவர்மலை டீச்சர்:
பொலித்தீன் பைக்குப் பதில் இன்னும் வரவில்லை.