பிக்கப்புக்கு நாமளே பிரேக் மாத்தின கதை இருந்தா சொல்லுங்க, முதல்ல என்னோடது

நோவை, மிச்சிகன்

போன வருஷம் அக்டோபர்ல நடந்தது. இப்ப முன்பக்க பிரேக் மாத்துற நேரம் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி உங்க கதையெல்லாம் கேட்டுட்டு ஜாக்கை எடுக்கலாம்னுதான் இதை எழுதுறேன்.

வண்டி 2019 ஃபோர்ட் எஃப்-150. ரிவர்ஸ்ல கராஜுக்குள்ள விடும்போது பின்னாடி கீச்னு ஒரு சத்தம், ஏதோ சருகு மாட்டியிருக்கும்னு விட்டுட்டேன், அப்புறம் முன்னாடி போகும்போதும் கத்த ஆரம்பிச்சுது. வீலோட சுத்துற ரோட்டர்ங்கிற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிக்கிறதுதான் பேட். அதோட ஓரத்துல சின்னதா ஒரு தகடு இருக்கும், பேட் தேஞ்சா அது ரோட்டர்ல உரசிக் கத்துறதுக்குன்னே வெச்சிருக்கான். டார்ச் அடிச்சுப் பார்த்தா வெளிப்பக்க பேட் நல்லாத்தான் இருக்கு, குனிஞ்சு உள்பக்கம் பார்த்தா ரெண்டு எம்எம் கூட இல்ல. வீல் சந்து வழியா வெளிப்பேட்டை மட்டும் பாத்துட்டு இன்னும் ஓடும்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க.

கடைல கேட்டா பின் ரெண்டு வீலுக்கும் பேட், ரோட்டர் எல்லாம் சேத்து 870 டாலர்னான். பார்ட்ஸ் நாமளே வாங்கினா 240ல முடியுது. மிச்சத்துல ஊருக்குப் போற டிக்கெட்ல பாதி வந்துடும்னு வீட்டுல ஒரு கணக்கு வேற. நான் மெக்கானிக் எல்லாம் இல்லீங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கார் பார்ட்ஸ் டிசைன் பண்ற ஆளு, இந்த ஊர்ல பாதித் தமிழாளுங்களுக்கு அதுதானே பொழப்பு, ஆனா கையில கிரீஸ் பட்டது அன்னைக்குத்தான்.

இந்த வண்டில ஹேண்ட் பிரேக் கேபிள் கிடையாது, பேட்டை ரோட்டர் மேல அமுக்குற பின் கேலிப்பர் மேலயே ஒரு குட்டி மோட்டார் உக்காந்திருக்கு, சுவிட்சைத் தட்டினா அதுதான் பிஸ்டனைத் தள்ளும். அதை மெயின்டனன்ஸ் மோடுல, அதாவது மோட்டார் பிடியை விட்டு நிக்கிற நிலையில, போடாம சி-கிளாம்ப் வெச்சு பிஸ்டனை அமுக்கினா உள்ள இருக்கிற திருகு காலி. என் வண்டிக்கு எப்படின்னா, இக்னிஷனை ஆன் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே பார்க்கிங் பிரேக் சுவிட்சைக் கீழ அழுத்திப் பிடிச்சு, அப்படியே ஆஃப் பண்ணி அஞ்சு செகண்டுக்குள்ள திரும்ப ஆன் பண்ணணும். டேஷ்ல மெசேஜ் வந்துடும். உங்க மாடலுக்கு என்னன்னு மேனுவலைப் பாத்துக்கோங்க, ஒண்ணுக்கொண்ணு மாறும்.

அது வந்துடுச்சு. பெரிய சாமர்த்தியம் பண்ணிட்ட மாதிரி வெளிய வந்து, நட்டெல்லாம் கொஞ்சம் லூஸ் பண்ணி, வலது பின்பக்கம் ஆக்ஸிலுக்கு அடியில ஜாக் குடுத்துத் தூக்கினேன். எங்க டிரைவ்வே ரோட்டுப் பக்கம் லேசா சரிவு, தண்ணி ஓடுறதுக்காக எல்லா வீட்டுலயும் அப்படித்தான். டயர் தரையை விட்டு எழும்பின அந்த நொடி வண்டி பின்னாடி நகந்துச்சு. ஒரு நாலு விரக்கடைதான் இருக்கும். ஜாக் சாஞ்சு, டங்னு டயர் தரையில உக்காந்துச்சு. என் பொண்ணு டார்ச் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்குறா.

வீல் இன்னும் கழட்டல, அதனால தப்பிச்சோம்.

கியர் பார்க்ல இருந்துச்சே எப்படி நகந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அதே யோசனை. பார்க்ல போட்டா பூட்டுறது கியர்பாக்ஸை, அதாவது பின்னாடி போற ஷாஃப்டை. சக்கரத்தை நேரா பூட்டுறதில்ல. பின்வீல்ல ஒண்ணு அந்தரத்துல இருந்தா ரெண்டு பின்வீலுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல் வழியா ஒரு சக்கரம் இப்படியும் இன்னொண்ணு அப்படியும் சுத்திக்கும், ஷாஃப்ட் மட்டும் ஆடாம நிக்கும். சாதாரணமா ஹேண்ட் பிரேக் போட்டிருந்தா தரையில இருக்கிற வீல் பிடிச்சிருக்கும், நான்தான் மெயின்டனன்ஸ் மோடுன்னு அதையும் கையாலயே எடுத்து விட்டுட்டேனே! சங்ககிரில எங்க மாமா லாரி வெச்சிருந்தார், வண்டி நின்ன உடனே கிளீனர் குதிச்சு இறங்கி கட்டையப் போடணும், போடலைன்னா மாமா வாயில என்னென்ன வரும்னு எழுத முடியாது. சின்ன வயசுல அதைப் பாத்து சிரிச்சிருக்கேன். மறுநாள் மரக்கடைல நாலுக்கு நாலு கட்டை ஒண்ணு வாங்கி, குறுக்க சாய்வா அறுத்து, முன்வீல் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் முட்டு குடுத்துட்டுத்தான் ஜாக்கைத் தொட்டேன். தூக்கினதும் ஜாக் ஸ்டாண்ட் வெச்சு, வண்டியை கையால ஆட்டிப் பாத்துட்டு வீலைக் கழட்டினேன்.

அடுத்த பஞ்சாயத்து ரோட்டர். கேலிப்பரைக் கழட்டி கம்பில தொங்க விட்டாச்சு, பிரேக் ஹோஸ்ல தொங்க விடக்கூடாது. ரோட்டர் வரமாட்டேங்குது. குளிர்காலத்துல இங்க ரோடு பூரா உப்புதான், டெட்ராய்ட் ஊருக்கு அடியில ஆயிரம் அடிக்குக் கீழ உப்புச் சுரங்கமே இருக்கு, பனி வந்தா வஞ்சனையில்லாம கொட்டுவாங்க. அந்த உப்பு ரோட்டரையும் அது உக்காந்திருக்கிற ஹப்பையும் துருவால ஒட்ட வெச்சிருக்கு. எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு ரெண்டு மணி நேரம் விட்டேன், சுத்தியால அடிச்சேன், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா சத்தம் கேட்டு வந்து வேடிக்கை பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வீட்டுக்குப் போய் நீளமா ரெண்டு போல்டும் நட்டும் எடுத்துட்டு வந்தார். கேலிப்பர் பிராக்கெட் மாட்டுற ஓட்டை வழியா போல்டை விட்டு, நட்டைத் திருகத் திருக போல்டு நுனி ரோட்டரைப் பின்னாடியிருந்து தள்ளுது, ரெண்டையும் மாத்தி மாத்தி திருகி, நடுவுல ஒரு அடி, பட்டுனு வெடி மாதிரி சத்தம், கையில வந்துடுச்சு. பழைய ரோட்டரைத் தூக்கிப் போடப்போறோம்னா மட்டும் இதைப் பண்ணுங்க. ஹப் முகத்தை கம்பி பிரஷ்ல பளபளன்னு தேச்சுட்டுத்தான் புதுசு போடணும், துரு மிச்சமிருந்தா ரோட்டர் கோணலா உக்காந்து பெடல் அதிரும்.

பிஸ்டனை உள்ள தள்ளும்போது மேல பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிஞ்சுடுச்சு, யாரோ முன்னாடியே டாப் அப் பண்ணி வெச்சிருக்காங்க. யாரோ இல்ல, நான்தான். அது பெயிண்டைத் தின்னுடும், ஆனா தண்ணில கரையும், உடனே தண்ணி ஹோஸ் வெச்சு அடிச்சுக் கழுவினேன். லக் நட் 150 பவுண்ட்-அடி, டார்க் ரெஞ்சு இல்லாம மாட்டாதீங்க. மோடை விட்டு வெளிய வர அதே சர்க்கஸ்தான், சுவிட்சை மட்டும் மேல இழுத்துப் பிடிக்கணும்.

மொத்தம் ஒன்றரை நாள். கடைக்காரன் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருப்பான். சரி, உங்க கதை?


ஸ்காபரோ, கனடா

அண்ணை, உங்கட உப்புக்கதை வாசிச்சு சிரிப்பும் வந்தது, வயிறும் எரிஞ்சது. நான் ட்ரைவால் (சுவர்ப்பலகை) வேலை செய்யிறனான், பலகையள் ஏத்த பழைய பிக்கப் ஒண்டு வச்சிருக்கிறன். எனக்கு பேட் பிரச்சினை இல்லை, பிறேக் லைன், அதுதான் பிறேக் ஒயில் போற குழாய். ஒருநாள் சிக்னலில பெடலை மிதிக்க அது அப்பிடியே கீழ போட்டுது, டேஷில சிவப்பு லைட். நல்லகாலம் முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு தனித்தனி வழி, பின்பக்கம் போனாலும் முன்பக்கம் கொஞ்சம் பிடிச்சுது, முன்னால நிண்ட காருக்கு ஒரு முழம் விட்டு நிண்டன்.

கீழ படுத்துப் பாத்தால், சேசிஸில லைனைப் பிடிச்சிருக்கிற கிளிப்புக்குள்ள மண்ணும் உப்பும் அடைஞ்சு, அந்த இடத்தில மட்டும் இரும்புக் குழாய் பிசுங்கான் மாதிரி உதிருது. இரும்பை விட்டிட்டு செம்பும் நிக்கலும் கலந்த குழாய் 25 அடிச் சுருள் ஒண்டு வாங்கினன், அது துருப்பிடிக்காது, கையாலயே வளைக்கலாம். நுனியை டபுள் ஃபிளேர் அடிக்க வேணும், அதாவது ரெண்டு மடிப்பா விரிக்க வேணும். முதல் நுனி வடிவா வந்திட்டுது, ரெண்டாவது அதைவிட வடிவு, எழும்பி நிண்டு பாக்கிறன், நட்டைக் குழாயில முதலே கொழுவ மறந்திட்டன், நுனி விரிஞ்சாப் பிறகு அது ஏறாது. வெட்டி எறிஞ்சிட்டு திரும்ப அடிச்சன். இந்தப் பிழையை விடாதவன் உலகத்தில இல்லை எண்டு பிறகு ஒரு கராச்காரர் சொன்னவர்.

அதுக்குப் பிறகு லைனுக்குள்ள போன காத்தை எடுக்கிற வேலை. மனிசி உள்ள இருந்து பெடல் மிதிக்கிறா, நான் கீழ, காத்தை வெளிய விடுற நிப்பிளோட. வலது பின் சில்லு, இடது பின், வலது முன், இடது முன், தூரத்தில இருந்து கிட்டவா வரவேணும். "மிதியும், பிடியும், இப்ப விடும்" எண்டு நான் கத்துறன். மூண்டாம் தரம் நான் நிப்பிளைப் பூட்ட முன்னம் அவ காலை எடுத்திட்டா, டியூபில இருந்த குமிழ் எல்லாம் திரும்ப உள்ள போட்டுது. "நீங்கள் சொன்னது கேக்கேல்லை" எண்டா. ரெண்டு பேருக்கும் அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் கதை இல்லை. ஆக்கள் கிடைக்காட்டி ஒரு வழித் தடுப்பு வால்வு போட்ட டியூப் விக்கிறாங்கள், மலிவு, வீட்டில சமாதானம்.

ஒண்டு கவனம், பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிற ஏபிஎஸ் பெட்டிக்குள்ள காத்துப் போட்டுதெண்டால் இப்பிடி மிதிச்சு வராது, வண்டிக் கம்பியூட்டரோட கதைக்கிற ஸ்கேன் கருவி போட்டு அந்தப் பம்பை ஓட விட்டுத்தான் எடுக்க வேணும். அதால ஒயில் டப்பாவை அடி காய விடாதேங்கோ.


பொள்ளாச்சி

ஏனுங்க, உங்க வண்டியெல்லாம் மோட்டார் வெச்ச பிரேக்கு, நம்முளுது பொலேரோ பிக்கப்புங்க, தேங்கா லோடு. முன்னாடி டிஸ்க்கு, பின்னாடி டிரம்மு. ஆனா முட்டாள்தனம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதானுங்க.

பின்னாடி டிரம்முக்குள்ள ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் ஒழுகுது, நானே கழட்டிப்போட்டு ரப்பரைச் சுத்தமா கழுவோணும்னு டீசல்ல போட்டு அலசினேன். எஞ்சின் சாமான் எல்லாம் அப்படித்தானே கழுவுறோம். மாட்டி ரெண்டு நாள் ஓட்டினேன், மூணாம் நாள் ஆழியாறு போயிட்டு வரும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது, இறங்கிப் பாத்தா டிரம்மு கொதிக்குது, ஒரே தீஞ்ச வாசம். பிரிச்சுப் பாத்தா ரப்பர் ரெண்டும் ஊதிப்போய் உள்ள இறுகிக் கெடக்குது. பிரேக் ரப்பருக்கு டீசலு, பெட்ரோலு, எஞ்சின் ஆயிலு எதுவும் ஆகாதுங்க, பிரேக் ஆயில்லயேதான் துடைக்கோணும்னு அப்புறந்தான் ஒரு பெரியவர் சொன்னார். சிலிண்டர், ஷூ எல்லாமே புதுசு. முதல்லயே 300 ரூவா ரப்பர் கிட்டு வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பிரிக்காதீங்க. எந்த ஸ்பிரிங்கு எந்த ஓட்டைன்னு மறந்துபோனா அந்தப் பக்கம் போய்ப் பாத்துக்கலாம். டிரம்முக்குள்ள இருக்கிற தூசிய ஏர் வெச்சு ஊதவும் வேண்டாமுங்க, பழைய லைனர்ல எல்லாம் கல்நார் கலந்திருந்துச்சு, ஈரத்துணில துடைங்க.


ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

எங்களுக்கு துருப் பிரச்சினை இல்ல, அதனால ரோட்டர் ரெண்டு தட்டுல வந்துடும், எனக்குப் பிரச்சினை என் பையன். நான் கேலிப்பரைக் கழட்டித் தொங்க விட்டுட்டு புது பேட் பாக்ஸைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன், ஆறு வயசு வாண்டு சத்தமில்லாம டிரைவர் சீட்ல ஏறி கார் ஓட்டி விளையாடுது, பிரேக்கை நாலு மிதி மிதிச்சிருக்கான். எதிர்ல ரோட்டர் இல்லாததால பிஸ்டன் முழுசா வெளிய வந்து விழுந்துடுச்சு, டிரைவ்வே பூரா ஆயில். சில்லுன்னு ஒரு பியர் குடிச்சுட்டு முடிக்கலாம்னு ஆரம்பிச்ச வேலை, கேலிப்பர் வாங்க ஊபர் பிடிச்சு கடைக்குப் போனேன்.

அப்புறம் முடிச்ச பதட்டத்துல பெடலை பம்ப் பண்ணாம வண்டியை எடுத்துட்டேன். பிஸ்டனை உள்ள தள்ளிட்டோம்ல, முதல் ரெண்டு மூணு மிதிக்கு பிரேக்கே இருக்காது. கராஜ் கதவுல இன்னும் அந்த டென்ட் இருக்கு. இப்ப கதவை லாக் பண்ணி சாவி என் பாக்கெட்ல.

இங்க 2025 ஜனவரியில இருந்து சொந்த வண்டிக்கு வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனும் எடுத்துட்டாங்க, நாம பண்ணின வேலையைச் சரிபாக்க இனி யாரும் கிடையாது. நான் மாட்டின அன்னைக்கே ஒரு தடவை, நூறு மைல் ஓடினதும் ஒரு தடவை வீல் நட்டையும் ஒழுகலையும் பாத்துடுறேன். நோவைக்காரரே, மோட்டார் உள்ள பின்பக்கம் முடிச்சுட்டீங்க, முன்பக்கத்துல அந்த வம்பு இல்ல, மெயின்டனன்ஸ் மோடு தேவையே இல்ல, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டே செய்யலாம்.


நோவை, மிச்சிகன்

ஆமாங்க, அது ஒரு நிம்மதி, பின்வீல் ரெண்டும் தரையில, பிரேக் போட்டபடி. இருந்தாலும் கட்டை போடுவேன்.

பொள்ளாச்சிக்காரர் சொன்ன டீசல் விஷயம் எனக்குத் தெரியாது. கேலிப்பர் பின்னுக்கு கராஜ்ல கெடந்த பழைய வீல் கிரீஸையே தடவலாம்னு இருந்தேன், அந்தப் பின்ல ஒண்ணுல ரப்பர் உறை இருக்கு, அதுவும் ஊதியிருக்கும். சிலிக்கான் கிரீஸ் ஆர்டர் போட்டாச்சு.

ஸ்காபரோ தம்பி, உங்க கிளிப் கதையைப் படிச்சுட்டு டார்ச்சோட கீழ படுத்தேன். பெட்ரோல் டேங்குக்கு மேல ஒரு கிளிப்புல ஈரமா இருக்கு. தண்ணியா ஆயிலான்னு விரல்ல தொட்டுப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. சனிக்கிழமை பிளான் மாறிடுச்சு. அந்தச் சுருள் என் வண்டிக்கு 3/16 இன்ச் சரியா வருமான்னு கொஞ்சம் சொல்லுங்க, நட்டை முதல்ல போட்டுக்கிறேன்.