மெல்பர்ன் வாடகை வீட்டில் எலுமிச்சை: எந்தத் தொட்டி வாங்குவது?

மெல்பர்னில் வீடு பிடித்து, கேஸ், கரண்ட் இணைப்பெல்லாம் முடிந்த கையோடு நம் ஆட்கள் அடுத்துக் கேட்பது, "தொட்டியில் எலுமிச்சை வருமா?" என்றுதான். வரும், நன்றாகவே வரும். இந்த ஊர்க் குளிரை எலுமிச்சை தாங்கிவிடும். டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் மரத்தை வீட்டுக்குள் தூக்க வேண்டியதில்லை. ஆனால் கன்று வாங்க நாலு நர்சரி ஏறி இறங்குகிறவர்கள், தொட்டியை மட்டும் கண்ணில் பட்டதும் வாங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாடகை வீடு என்றால் முதலில் எடையைப் பாருங்கள். பாதியாக அறுத்த வைன் பீப்பாய் இங்கே எல்லா வீட்டுத் தோட்டத்திலும் கண்ணைப் பறிக்கும். 225 லிட்டர் பீப்பாயில் பாதி, ஏறத்தாழ 110 லிட்டர். ஈர மண்ணும் மரமும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். லீஸ் முடிந்து வீடு மாறும் அன்றைக்கு அதை வேனில் ஏற்றப் போவது யார்? சொந்த வீடு, வைத்த இடத்திலேயே இருக்கப் போகிறது என்றால் பீப்பாயை அடித்துக்கொள்ள வேறு தொட்டி இல்லை. அப்போதும் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிரில் போட்டு ஐந்தாறு பெரிய ஓட்டைகள் வேண்டும். மண் நிரப்பாமல் வெயிலில் போட்டு வைத்தால் பலகை காய்ந்து சுருங்கி, இரும்பு வளையம் கழன்று விழும்.

வாடகைக்காரர்களுக்கு நான் சொல்வது 40 முதல் 50 செ.மீ. வாய் அகலமுள்ள, வெளிர் நிற, தடித்த பிளாஸ்டிக் தொட்டி. அகலமும் உயரமும் 40 செ.மீ. என்றால் சுமார் 40 லிட்டர் மண் பிடிக்கும். நட்ட பிறகும் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கலாம். பூட்டு வைத்த சக்கரப் பலகை ஒன்றின் மேல் வைத்துவிட்டால் இன்னும் வசதி. இந்த அளவுக்குக் குட்டை ரகம்தான் சரி. ஃப்ளையிங் டிராகன் என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கன்றின் அடிப்பாகமாக, வேராக இருக்கும் செடி) ஒட்டிய கன்றுகள் 'டுவார்ஃப்' என்ற சீட்டோடு கிடைக்கும். மேயர் எலுமிச்சை இயல்பாகவே அவ்வளவு பெரிதாகாது, குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் புளிப்பு கொஞ்சம் மட்டு. ஊறுகாய்க்கு யுரேகாவோ லிஸ்பனோ வாங்குங்கள்.

வெளிர் நிறம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், மேற்கு வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உடனே எடுத்துவிடுவீர்கள். உள்ளே வேர்நுனிகள் ஒட்டிக்கொண்டிருப்பது அதே சுவரில்தான். தகரத் தொட்டி இன்னும் மோசம். சுடுமண் தொட்டி நம் கண்ணுக்குப் பழக்கமானது, மூச்சு விடும், நல்லதுதான். ஆனால் இங்கே கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் சூடான காற்றில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் போய்விடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. மெருகு பூசிய பீங்கான் தொட்டி அந்தக் குறையில்லாதது, எடைதான் பிரச்சினை. துணியால் ஆன க்ரோ பேக் மலிவு, வீடு மாற வசதி. அதுவும் சீக்கிரம் காயும்.

வடிவத்தில் ஒரே ஒரு விதி. வாய் குறுகி வயிறு பருத்த, பானை போன்ற தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, ஓரத்து வேரைக் கொஞ்சம் வெட்டிப் புது மண் போட வேண்டும். அந்த மாதிரித் தொட்டியில் வேர் வயிறு முழுக்க நிறைந்திருக்கும். ஒன்று தொட்டியை உடைக்க வேண்டும், இல்லை வேரை அறுக்க வேண்டும்.

"எப்படியும் பெரிதாகத்தானே வேண்டும், முதலிலேயே பெரிய தொட்டியில் வைத்துவிடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளை வளருவான் என்று இரண்டு அளவு பெரிய சட்டை எடுப்பது போல இதில் செய்ய முடியாது. வேர் எட்டாத மண்ணில் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. மெல்பர்ன் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் அது ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகும். நர்சரியிலிருந்து 20 செ.மீ. தொட்டியில் வந்த கன்றை முதலில் 30 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். ஓரிரு வருஷம் கழித்துப் பெரியது. மாற்றுவதற்குச் செப்டம்பர், அக்டோபர் தோதான மாதங்கள். இங்கே அப்போதுதான் வசந்தம்.

ஊரில் தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் பரப்புவோம். இங்கே அதை விட்டுவிடுங்கள். ஜல்லிக்கு மேலே உள்ள மண் முழுக்க ஊறினால்தான் தண்ணீர் கீழே இறங்கும். அதனால் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் தங்கிவிடும். மண் வழியாமல் இருக்க ஓட்டை மேல் ஒரு துண்டு கொசுவலை போதும். தொட்டியைத் தரையில் பதிய வைக்காமல் மூன்று கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். அடித்தட்டு கோடையில் இருக்கட்டும், குளிர்காலத்தில் எடுத்துவிடுங்கள்.

செம்மண், மணல், தொழு உரக் கலவையெல்லாம் இங்கே வேண்டாம். தோட்டத்து மண்ணைத் தோண்டிப் போட்டால் தொட்டிக்குள் இறுகிவிடும். கடையில் பாட்டிங் மிக்ஸ் மூட்டையில் ஆஸ்திரேலியத் தரக்குறி பாருங்கள்: சிவப்பு டிக் என்றால் பிரீமியம், கறுப்பு என்றால் சாதா. எலுமிச்சைக்குச் சிவப்பையே வாங்குங்கள். முக்கியமான ஒன்று: அந்த மூட்டையில் லீஜியனெல்லா என்ற கிருமி இருக்கலாம், தூசியாக மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரும். எச்சரிக்கை மூட்டையிலேயே அச்சடித்திருக்கும், நம்மவர்கள் படிப்பதில்லை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கத்தரியால் மெதுவாகத் திறந்து, தண்ணீர் தெளித்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு கிளறுங்கள். வீட்டில் வயதான அப்பா அம்மா வந்திருந்து, அவர்கள்தான் தோட்ட வேலை பார்க்கிறார்கள் என்றால் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியட்டும். அதற்குக் கீழிருந்து, ஒரு காம்பில் மூன்று இலையாகத் தளிர் வந்தால் அது வேர்ச்செடியுடையது, கிள்ளி எறியுங்கள். விட்டால் அதுவே மரமாகி, எலுமிச்சை காணாமல் போகும்.

வைக்கும் இடம் வடக்குப் பார்த்த சுவரோரம். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். தெற்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் எலுமிச்சை ஆசையை அடுத்த வீட்டுக்கு ஒத்திப்போடுவது நல்லது. அபார்ட்மென்ட் என்றால் ஓனர்ஸ் கார்ப்பரேஷனில் (கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் சங்கம்) எடை, தண்ணீர் வழிவது பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதல் வருஷம் பிஞ்சுகளைக் கிள்ளிவிடச் சொல்வார்கள், மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். மரம் கொஞ்சம் கிளைத்துவிட்டால் வேப்பிலைக்கட்டிக்கு இலை கிடைக்கும். மருந்து தெளிக்காத மரமாக இருந்தால் சரி. கிளையில் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது 'கால் வாஸ்ப்' (gall wasp) என்ற குளவியின் வேலை. ஆகஸ்ட் முடிவதற்குள் வெட்டிவிடுங்கள், வசந்தத்தில் குளவி வெளியே வந்துவிடும்.

அப்புறம், ஊரிலிருந்து வரும்போது நார்த்தங்கன்றோ கறிவேப்பிலைக் கன்றோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். எலுமிச்சை வகைகளைக் கொல்லும் கிரீனிங் நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை. அதைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் ஒரு வீடு. ஏர்போர்ட்டில் மாட்டினால் அபராதம், விசாவுக்கும் ஆபத்து. கறிவேப்பிலைக் கன்று இங்கேயே நர்சரிகளில் கிடைக்கும்.