பின்பக்கம் ஒர்க்‌ஷாப் ஷெட், மெட்டீரியல் எவ்ளோ ஆகும்?

கேள்வி (மடிப்பாக்கம்):
வீட்டுக்கு பின்னாடி 10க்கு 12 அடி இடம் சும்மா கிடக்கு, மரவேலைக்கு ஷெட் போடலாம்னு பாக்குறேன், தரைக்கு 4 இன்ச் கான்கிரீட்னா சிமெண்ட் எத்தனை மூட்டை, மேல ஆஸ்பெஸ்டாஸா மெட்டல் ஷீட்டா?

பதில்:
40 கன அடி வருது. எம்20 கலவைன்னா (சிமெண்ட் 1, மணல் 1.5, ஜல்லி 3 பங்கு) 9 மூட்டை, சேதாரத்துக்கு ஒண்ணு சேத்து 10 வாங்குங்க. ஆனா மொதல்ல மட்டத்த ஏத்துங்க சார், 2015 சென்னை வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு அக்கம்பக்கத்துல கேளுங்க, மெஷினெல்லாம் அங்கதான நிக்கப்போகுது.

இன்னொரு பதில்:
ஆஸ்பெஸ்டாஸ் வேணவே வேணாம், வெட்டுற தூசி நுரையீரலுக்கு கேடு. கலர் கோட்டிங் ஷீட்தான், அடியில இன்சுலேஷன் இல்லன்னா மே மாசம் உள்ள நிக்க முடியாது. வர்தா புயல் மாதிரி காத்தடிச்சா ஷீட் பறந்துடும், ஸ்க்ரூல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஃபேப்ரிகேட்டர் (இரும்பு ஃப்ரேம் அடிக்கிறவர்) கிலோ ரேட் சொன்னா பைப் கனம் எத்தனை எம்எம்னு எழுதி வாங்கிடுங்க, அங்கதான் விளையாடுவாங்க.

கேட்டவர்:
சரி ஷீட்தான். கரண்ட்டுக்கு தனி லைனா?

பதில்:
ஆமா, தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்), கூட ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்றது), எர்த்.