நூஸ்டார் ஸ்பெக்ட்ரம்: ஃபோட்டான் இன்டெக்ஸ் 1.2-ஐத் தாண்ட மாட்டேங்குது

அஸ்தம்பட்டி:
சேலத்துல எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். ஒரு செய்ஃபர்ட் 2 கேலக்ஸியோட (நடுவுல இருக்கற கருந்துளையை வாயுவும் தூசியும் மறைச்ச வகை) நூஸ்டார் எக்ஸ்ரே தொலைநோக்கி டேட்டா. ஸ்பெக்ட்ரத்துக்கு மாடல் பொருத்தற எக்ஸ்ஸ்பெக்ல டிபாப்ஸ் (நம்ம கேலக்ஸி உறிஞ்சறது) × இஸட்ஃபேப்ஸ் (அந்த கேலக்ஸிக்குள்ள உறிஞ்சறது) × பவர்லா (மூல வெளிச்சம்) போட்டா, பவர்லாவோட சரிவைச் சொல்ற இன்டெக்ஸ் 1.2-லயே நிக்குது. 6.4 கேஈவி-யில (எக்ஸ்ரே ஆற்றல் அலகு) ஒரு முள்ளும், 20-க்கு மேல ஒரு மேடும் மிச்சமாகுது. எதை விட்டுட்டேன்?

சேர்வராயன்:
ரிஃப்ளெக்‌ஷனை. சுத்தியிருக்கற அடர்த்தியான வாயுவுல பட்டுத் தெறிச்சு வர்றதுதான் அந்த மேடு. குறைஞ்ச ஆற்றல் ஃபோட்டானை இரும்பு விழுங்கிரும், அதிக ஆற்றல் உள்ளது காம்ப்டன் மோதல்ல இழந்துரும்; நடுவுல 20–30 கேஈவி-யில குவியும். 6.4 முள், அதே வாயுவுல இருக்கற நியூட்ரல் (மின்னூட்டமில்லாத) இரும்போட கோடு. மாடல்ல இதுக்கு இடமில்லைன்னா பவர்லா தட்டையாகி மேட்டைப் பிடிக்கப் பார்க்கும். நிஜ இன்டெக்ஸ் பெரும்பாலும் 1.7–2.0.

இப்படிப் போடுங்க: டிபாப்ஸ் × (இஸட்ஃபேப்ஸ் × கேப்ஸ் × கட்ஆஃப்பிஎல் + போரஸ்02 + கான்ஸ்டன்ட் × கட்ஆஃப்பிஎல்). கேப்ஸ் பார்வைக்கோட்டுல காம்ப்டன் சிதறலால இழக்கறது, கட்ஆஃப்பிஎல் அதிக ஆற்றல்ல வெட்டுப்படற பவர்லா, போரஸ்02 டோரஸ்ல (கருந்துளையைச் சுத்தியிருக்கற வாயு வளையம்) தெறிச்சு வர்றது, கடைசிது சிதறி வர்ற பங்கு. சில சதவீதத்துக்கு மேல போனா சந்தேகப்படுங்க. கேப்ஸைச் சேர்க்காம விட்டுட்டா, என்ஹெச் (பார்வைக்கோட்டுல ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை ஹைட்ரஜன் அணுங்கறது) 10²⁴ இருக்கறப்ப ஃபிட்ல மூல வெளிச்சம் நிஜத்துல பாதியாத்தான் வரும். எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு: போரஸ்02-ல என்ஹெச் லாக் அளவு, இஸட்ஃபேப்ஸ்ல 10²² அலகு. ரெண்டையும் இணைக்கறதா இருந்தா 10-இன் அடுக்கா (லாக் − 22) எழுதணும்.

போரஸ்02-க்குப் பதிலா மைடோரஸ் மாடல் எடுத்தா டோரஸோட அரைத்திறப்புக் கோணம் 60 டிகிரி, மாத்த முடியாது. சாய்வு 60-க்குக் கீழ போனா பார்வைக்கோடு டோரஸையே தொடாது, ஃபிட் மட்டும் அழகா இருக்கும்!

குகைப்பாதை:
ஃபிட்டை அளக்க கை-ஸ்கொயர்னா ஒரு பின்னுக்குக் குறைஞ்சது 20 கவுண்ட் வேணும், இல்லன்னா கவுண்ட் கம்மியா இருக்கறப்பவும் செல்லுபடியாகற சி-ஸ்டேட். நூஸ்டாரோட ஏ, பி ரெண்டு டிடெக்டர் மாட்யூலுக்கும் நடுவுல ஒரு பெருக்கல் கான்ஸ்டன்ட்டை மாற விடுங்க. மங்கலான மூலம்னா பேக்கிரவுண்ட் மேல ஏறற ஆற்றல்ல வெட்டிருங்க. அந்த முள்ளோட அகலத்தை வச்சு எந்த முடிவும் வேண்டாம்: அங்க நூஸ்டார் பிரிதிறன் 400 ஈவி, அதாவது வேகத்துல சொன்னா நொடிக்கு கிட்டத்தட்ட 19,000 கி.மீ. எக்ஸ்ரிஸம் தொலைநோக்கிக்கு 5 ஈவி, அதனாலதான் என்ஜிசி 4151 கேலக்ஸில அந்த ஒரே கோட்டை டோரஸ், அகலக்கோட்டுப் பகுதி, உள்வட்டுன்னு பிரிக்க முடிஞ்சுது.

இன்னொண்ணு, முழு எக்ஸ்போஷரையும் சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி 3–8 கேஈவி கவுண்ட்டுக்கும் 10–30 கேஈவி கவுண்ட்டுக்கும் உள்ள விகிதத்தை நேரத்தோட வரைஞ்சு பாருங்க. ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல பனித்திட்டு ஹெட்லைட்டை மறைச்சுட்டுப் போற மாதிரி, அங்கயும் மேகம் கடக்கும். 2006-ல சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, என்ஜிசி 1365 கேலக்ஸில மேகம் 4 நாளுக்குள்ள மூடித் திறந்ததைப் பிடிச்சுது. அதைச் சராசரி எடுத்தா இல்லாத பார்ஷியல் கவரிங் (மூலத்தை மேகம் ஓரளவு மட்டும் மறைக்கறது) வந்து நிக்கும்.

அஸ்தம்பட்டி:
போரஸ்02 சேர்த்தேன், முதல்ல லாக் இணைப்புல தப்பு இருந்துச்சுங்க, சரி பண்ணிட்டேன். இன்டெக்ஸ் இப்ப 1.8. விகிதம் நேரத்தோட மாறாம தட்டைதான், அதனால டேட்டாவைப் பிரிக்கல.