வரத்துக்கால் யாரோடது? ரெண்டு ஆபீசும் கைவிரிக்குது

கண்மாய்க்கரை:
மானாமதுரைப் பக்கம் எங்க ஊர். கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது அதுல பாயுற நிலம், 130 ஏக்கர் சொச்சம். போன ஐப்பசியில மேல்கண்மாய் நிறைஞ்சு கலுங்கு வழியா மிச்சத்தண்ணி போயும் எங்களுக்குத் தண்ணி வரலை. அங்கிருந்து எங்க கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் பூரா சீமைக்கருவேலம், நடுவுல ஒருத்தர் வரப்பை நகர்த்திப் போட்டிருக்கார். நீர்வளத்துறையில கேட்டா கால் ஒன்றியத்தோடதாம். ஒன்றியத்துல கேட்டா, கண்மாய் யாருதோ காலும் அவங்களுதாம். ஊர் இளைஞர்கள் சேர்ந்து குழு வச்சிருக்கோம். கலெக்டர்ட்ட மனுக் கொடுக்கலாமா, நாங்களே பொக்லைன் பிடிச்சு அள்ளிரலாமா?

செவக்காட்டான்:
ஆபீசை நம்பினா அடுத்த ஐப்பசியும் போயிரும். தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி அள்ளிருங்க தம்பி.

பழைய சங்கத்தலைவர்:
அள்ளாதீங்க. புறம்போக்குல நிக்கிற கருவேலத்தை ஏலம் விட்டுத்தான் வெட்டணும். வரப்பு நகர்த்தினவர் முந்திக்கிட்டு ஸ்டேஷன்ல உங்க மேலயே எழுதிக் கொடுப்பார்.

100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டுன்னா கண்மாய் பொதுவா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஒன்றியம். உங்களுது 130. ஆனா அதை வாயால சொல்லிப் பிரயோஜனமில்லை. வி.ஏ.ஓ.ட்ட ஊர் நிலக் கணக்கான அ-பதிவேடு பாருங்க, காலோட சர்வே நம்பரையெல்லாம் குறிச்சு, புலப்படம் வாங்குங்க. மேல்கண்மாய் கலுங்குல இருந்து உங்க கண்மாய் வரைக்கும் நடந்து, எந்த நம்பர்ல அடைப்பு, எதுல ஆக்கிரமிப்புன்னு எழுதுங்க. நீர்வளத்துறை ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஒருத்தர் கையில எத்தனையோ கண்மாய் இருக்கும், அவரால இதுக்கு நடக்க முடியாது. அந்த ஒரு தாளைக் கையில கொடுத்தா எஸ்டிமேட் போடுறது அவருக்குப் பாதி முடிஞ்ச மாதிரி. நான் பார்த்தவரைக்கும் ஆபீஸ் அசையுறது இதுக்குத்தான், கோஷத்துக்கு இல்லை.

கலெக்டர் மனுன்னா திங்கக்கிழமைக் கூட்டம் வேண்டாம். அங்க கொடுத்த மனு சுத்திச் சுத்தி அதே ஆபீசுக்கே வரும். மாசாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்க. ரெண்டு துறையும் ஒரே ஹால்ல உட்கார்ந்திருக்கும், கலெக்டர் முன்னால ஒருத்தரை ஒருத்தர் கை காட்ட முடியாது. "தூர்வாருங்க"ன்னு கேட்காதீங்க, "தாசில்தார், நீர்வளத்துறை, ஒன்றிய பி.டி.ஓ. மூணு பேரும் சேர்ந்து புலத்தணிக்கை"ன்னு கேளுங்க.

இளைஞர் குழு பேர்ல வேலை வாங்கவும் நினைக்காதீங்க. 2000-ஆம் வருஷச் சட்டப்படி பாசனச் சங்கம்னா ஆயக்கட்டுல நிலம் இருக்கிறவங்கதான். 2017-ல கண்மாயைச் சங்கம் மூலமாச் சீரமைக்கிற குடிமராமத்துத் திட்டம் வந்தப்ப, சங்கம் 10 சதவீதம் உழைப்பாவோ பணமாவோ போடணும்னு சொன்னதும் எத்தனை ஊர்ல ராவோட ராவா சங்கம் முளைச்சுது! கையெழுத்து ஒருத்தர், மண் அள்ளினது வேற ஒருத்தர். நல்ல திட்டம்தான், கணக்குக் கேட்க ஆள் இருந்த ஊர்ல. நீங்க அந்த ஆளா இருங்க. வேலை ஆரம்பிச்சதும் எஸ்டிமேட் நகல் கேட்டு வாங்கி, நீளம் ஆழம் அளந்து பாருங்க.

கண்மாய்க்கரை:
நன்றி அண்ணாச்சி. வரப்பு நகர்த்தினது எங்க பெரியப்பா வகையறா, அதான் ஊர்ல யாரும் வாயே திறக்கலை.

பழைய சங்கத்தலைவர்:
அப்ப நீங்களும் திறக்காதீங்க. அளவை சர்வேயர் காட்டட்டும். ஆக்கிரமிப்புன்னு ஆனா 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்துல நோட்டீஸ் கொடுக்கிறது தாசில்தார் வேலை, உங்களது இல்லை. தணிக்கை அன்னைக்கு மட்டும் வரப்பு நகர்த்தினவரையும் கூப்பிட்டு நிறுத்துங்க. கல் ஊன்றுறதைக் கண்ணால பார்த்துட்டா, பிறகு "எனக்குத் தெரியாம அளந்துட்டாங்க"ன்னு கிளம்ப மாட்டார்.

செவக்காட்டான்:
கருவேலத்தை மட்டும் சித்திரைக்குள்ள ஏலம் விடச் சொல்லிக் கேளுங்க. ஆடிக்கு மேல போனா வெட்ட வர்றவன் கிடைக்க மாட்டான்.