செஸ்ஸில் 9ஆவது நகர்த்தலிலேயே மேட்: ஆரம்பத்தையே மாற்றவா?

கொட்டகலை அப்பா:
மகளுக்கு 12 வயது. போன சனிக்கிழமை நுவரெலியாவில் போட்டி. விடியக்காலை பஸ்ஸில் போனோம். மூன்றாவது சுற்றில், குளிருக்குப் போட்ட ஜெர்சியைக் கழற்றுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. இவள் கறுப்பு. எனக்கு செஸ் அரைகுறைதான், அவள் எழுதிய தாளைப் பார்த்துச் சொல்கிறேன். எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பேர்; முதலில் வெள்ளை, அடுத்தது கறுப்பு.

இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. அப்புறம் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்ந்தது. இவள் டி5 தள்ள, சிப்பாயால் வெட்டினான். இவள் குதிரையால் வெட்டினாள். அவன் குதிரை எஃப்7இல் விழுந்தது, ராஜாவால் வெட்டினாள். ராணி எஃப்3, செக். ராஜா திரும்பவும் இ8. பிஷப் டி5 குதிரையை வெட்டியது. இவள் ராணியை அடிக்கிறேன் என்று குதிரையை டி4இல் வைத்தாள். ராணி எஃப்7, மேட்.

இனி இ5 ஆடவே மாட்டாளாம். வேறு ஏதாவது பழக்கவா?

பண்டாரவளை சேர்:
வேண்டாம் அண்ணே. பிழை ஐந்தாவது நகர்த்தலில். குதிரையால் வெட்டாமல் சி6 குதிரையை ஏ5இல் வைத்து பிஷப்பை விரட்டட்டும். பிஷப் பி5 செக் வரும். சி6 தள்ளி, வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டணும். ஒரு சிப்பாய் நட்டம்தான். ஆனால் பிஷப்பும், எச்6 தள்ளினால் அந்த ஜி5 குதிரையும் பின்வாங்கவேண்டிவரும். அதற்குள் இவள் காய்கள் வெளியே வந்துவிடும்.

அவன் ஆடியதற்கு ஃப்ரைட் லிவர் என்று பேர், பொரித்த ஈரல்! 400 வருஷத்துக்கு முன்னாலேயே இத்தாலியில் போலெரியோ என்ற ஆட்டக்காரர் ஆடியது. அதிலும் செக்குக்கு ராஜாவை இ6இல் வைத்திருந்தால் டி5 குதிரைக்குக் காவல் இருந்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், சண்டை உண்டு. இ8தான் கொன்றது.

மஸ்கெலியா தம்பி:
டி5 எதற்கு? நான்காவதில் பிஷப் சி5! டிராக்ஸ்லர் என்ற எதிர்த்தாக்குதல். எஃப்7ஐ வெட்டினால் வெட்டட்டும்.

பண்டாரவளை சேர்:
தம்பி, பிள்ளைக்கு 12 வயது. பயமே வேண்டாமென்றால் மூன்றாவதிலேயே பிஷப் சி5 வைக்கட்டும். குதிரை ஜி5க்கு வந்தால் ராணி வெட்டிவிடும்.

கொட்டகலை அப்பா:
நன்றி சேர். நேற்று ராத்திரி பலகையை விரித்தோம். ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைந்துவிட்டது, அதற்குச் சோடா மூடி. ஏ5 என்றதும், "ஓரத்தில் குதிரை வைக்கக்கூடாது என்றுதானே சொல்லித்தந்தார்கள்" என்று சண்டைக்கு வந்தாள். நீ வெள்ளையென்றால் பிஷப்பை எங்கே கொண்டுபோவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சோடா மூடியை சி6க்கு நகர்த்தினாள்.